அப்பாவின் நாலணாவில் ஆண்டு இரட்டையாகத் தெரிகிறது: டபுள் டையா, வேறு ஏதாவதா?

கல்மண்டபம்_டீக்கடை (ஞாயிறு இரவு 9.40)

வணக்கம். இங்கே எழுதுவது முதல் முறை. அப்பா ராயபுரம் கல்மண்டபம் பக்கத்தில் டீக்கடை வைத்திருந்தார். கல்லாவில் விழும் சில்லறையில் ஏதாவது வித்தியாசமாகக் கண்ணில் பட்டால் அதை எடுத்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுவிடுவார். ஏன் என்று கேட்டால் "அப்புறம் பார்க்கலாம்" என்பார். போன தையில் தவறிவிட்டார். பாட்டில் என்னிடம் வந்திருக்கிறது. நூற்று நாற்பது காசுகள் இருக்கின்றன. மூன்றைப் பற்றி மட்டும் இப்போது கேட்கிறேன், படம் இணைத்திருக்கிறேன்.

முதலாவது, காண்டாமிருகம் போட்ட 25 பைசா. ஆண்டு 1994. ஆண்டுக்குக் கீழே எந்தக் குறியும் இல்லை. "94" மட்டும் இரண்டு தரம் அச்சடித்த மாதிரி தெரிகிறது. காண்டாமிருகத்தின் பின்னங்காலிலிருந்து விளிம்பை நோக்கி மெல்லிய கோடு ஒன்றும் போகிறது.

இரண்டாவது, ஒரு ரூபாய். ஒரு பக்கம் வழக்கமான சிங்கம். மறுபக்கமும் சிங்கம்தான், ஆனால் குழிந்து, கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பி இருக்கிறது. பாட்டிலில் இது ஒன்றைத்தான் அப்பா காசு கொடுத்து வாங்கினார். ஒரு வியாபாரிக்கு ஐந்நூறு ரூபாய் கொடுத்ததாக அம்மா சொல்கிறார்.

மூன்றாவது, சதுர 5 பைசா. தகடு மாதிரி நசுங்கி, ஒரு மூலை கிழிந்திருக்கிறது.

விற்பதற்காகக் கேட்கவில்லை. அப்பா எதைப் பார்த்து இவற்றை எடுத்து வைத்தார் என்று தெரிந்துகொள்ள ஆசை.

தங்கசாலை_பழசு (ஞாயிறு இரவு 10.15)

தம்பி, அப்பாவுக்கு என் அஞ்சலி. கல்லாவில் உட்கார்ந்தபடி ஓடுகிற சில்லறையில் இப்படிப் பொறுக்கி எடுக்க நல்ல கண் வேண்டும்.

முதலில் ஒரு எச்சரிக்கை. இதைப் பார்த்துவிட்டு யாராவது "இரண்டு லட்சம் தருகிறேன், பதிவுக் கட்டணம் மட்டும் முன்னால் அனுப்புங்கள்" என்று செய்தி அனுப்பினால் பதில் போடாதீர்கள். தன் பெயரைச் சொல்லிப் பழைய காசுக்குக் கமிஷனும் வரியும் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவித்தது.

நாலணா எனக்கு உற்சாகமாக இருக்கிறது. 9-இன் வளைவும் 4-இன் தண்டும் தடித்திருக்கின்றன. நான் இதை டபுள் டை, அதாவது அச்சிலேயே உருவம் இரட்டையாகப் பதிந்தது என்றுதான் சொல்வேன். இரும்பு (துருப்பிடிக்காத எஃகு) நாலணாவில் நல்ல டபுள் டை அடிக்கடி கிடைக்காது. நெருக்கமான படம் போடுங்கள்.

டை_பட்டறை (திங்கள் காலை 6.50)

திருவொற்றியூரில் பிரஸ் டூல் பட்டறை வைத்திருக்கிறேன். தகடு வெட்டி அச்சடித்துக் கொடுப்பது தொழில். காசு சேர்ப்பது பத்து வருடமாக. தங்கசாலை ஐயா சொன்னதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நாணயச் சாலையில் நடப்பதும் என் பட்டறையில் நடப்பதும் அடிப்படையில் ஒரே வேலை. தகட்டிலிருந்து வெட்டிய வட்டு ஒன்று, அதாவது பிளாங்க். அதன் மேலே ஒரு டை, அதாவது உருவம் பதிக்கும் அச்சு, கீழே ஒரு டை. சுற்றிலும் காலர் என்ற வளையம். பிரஸ் ஒரு அடி அடித்தால் காசு. எந்தக் காசைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது, இந்தக் குறை எங்கே பிறந்தது? வட்டிலா, டையிலா, அடியிலா? இல்லை, நாணயச் சாலையை விட்டு வெளியே வந்த பிறகா? இது தெரிந்துவிட்டால் பெயர் தானாக வரும்.

வட்டில் பிறந்த குறைக்கு உதாரணம் கிளிப், பிறை வடிவில் ஓரம் கடித்தது மாதிரி இருக்குமே, அது. தகட்டுப் பட்டை சரியாக முன்னால் நகராவிட்டால், முன்பு வெட்டிய ஓட்டையின் மேலேயே பஞ்ச் இறங்கும். என் வாஷர்களில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். காசில் இன்னொரு அடையாளமும் உண்டு. கடித்த இடத்துக்கு நேர் எதிரே இருக்கும் விளிம்பு மங்கலாக இருக்கும். விளிம்பு எழுப்பும் எந்திரத்தில் அந்த இரண்டு இடங்களும் ஒன்றுக்கொன்று அழுத்தம் கொடுக்க வேண்டும், ஒரு பக்கம் உலோகமே இல்லாததால் மறுபக்கமும் எழும்பாது. அரத்தால் ராவிச் செய்த போலியில் எதிர் விளிம்பு கனமாக, ஒழுங்காக நிற்கும்.

இப்போது உங்கள் நாலணா. கோட்டை நகத்தால் தடவிப் பாருங்கள். மேடாக இருந்தால் அது டை விரிசல். டையில் விரிசல் விழுந்தால் அங்கே பள்ளம் உண்டாகிறது, உலோகம் அந்தப் பள்ளத்துக்குள் ஏறிக் காசில் மேடாக நிற்கிறது. காசு குழிந்திருந்தால் யாரோ கீறியது, அவ்வளவுதான்.

ஆண்டு விஷயத்துக்கு வருகிறேன். டபுள் டை என்பது டை பிறக்கும்போதே வரும் குறை. உருவம் செதுக்கிய மூலப் பஞ்ச் ஒன்றை மிருதுவான எஃகில் அழுத்தி டை செய்கிறார்கள். ஒரே அழுத்தத்தில் உருவம் முழுதாக இறங்காவிட்டால் எஃகைப் பதப்படுத்திவிட்டு மறுபடியும் அழுத்துவார்கள். இரண்டாவது முறை இம்மி திரும்பி உட்கார்ந்தால் டைக்குள்ளேயே இரண்டு உருவம். அப்படிப் பிறந்த டை அடிக்கும் எல்லாக் காசிலும் அதே இரட்டை வரும். இரண்டாவது உருவமும் முதலாவது போல உருண்டு, உயர்ந்து இருக்கும். எழுத்தின் மூலைகள் பாம்பு நாக்கு போலப் பிளந்து தெரியும்.

இதற்கு நேர்மாறானது மெஷின் டபுளிங். டை ஹோல்டரில் ஆட்டம் இருந்தால், அடித்துவிட்டு மேலே எழும் கணத்தில் டை பக்கவாட்டில் இழுபடும். அப்போது எழுத்தின் ஒரு பக்கத்தைச் சீவிவிடும். சீவின இடம் படிக்கட்டின் படி மாதிரி தட்டையாக, தாழ்வாக, பளபளப்பாக இருக்கும். உண்மையான எழுத்து அந்த அளவுக்கு ஒல்லியாகிவிடும். இது ஒவ்வொரு அடிக்கும் மாறும்.

உங்கள் படத்தில் "94" தடித்திருக்கிறதா, படி விழுந்து ஒல்லியாகியிருக்கிறதா என்று எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. ட்யூப்லைட் வெளிச்சத்தில் எடுக்காதீர்கள். மேசை விளக்கை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்து, காசைச் சுற்றிச் சுற்றி நாலைந்து படம் எடுங்கள். எடையும் போட்டுச் சொல்லுங்கள்.

வியாசர்பாடி_மாணவி (திங்கள் மாலை 5.20)

அண்ணா, நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். என்னிடம் இரண்டு பத்து ரூபாய்க் காசுகள் இருக்கின்றன. ஒன்றில் பத்துக் கோடு, இன்னொன்றில் பதினைந்து கோடு. பஸ்ஸில் கண்டக்டர் பதினைந்து கோடு செல்லாது என்றார். அது எரர் காயினா? இன்னொரு பத்து ரூபாயில் நடு வட்டு சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது, அதுவும் எரரா?

டை_பட்டறை (திங்கள் இரவு 8.05)

பதினைந்து கோடு எரர் இல்லைம்மா, டிசைன் மாறியது, அவ்வளவுதான். ரூபாய்க் குறியோடு 2011-இல் வந்த காசில் பத்துக் கோடு, அதற்கு முந்தையதில் பதினைந்து. பத்து ரூபாயில் அதுவரை பதினான்கு டிசைன்கள் வந்திருந்தன, எல்லாமே செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் சொல்லிவிட்டது. தைரியமாகக் கொடுங்கள்.

நடு வட்டு பற்றி: வளையமும் நடு வட்டும் தனித்தனியாகச் செய்யப்பட்டு, டை அடிக்கும் அந்த ஒரு அடியில்தான் ஒன்றோடொன்று இறுகுகின்றன. உருவமும் அதே அடியில்தான் விழுகிறது. அதனால் வட்டு விலகி உட்கார்ந்த உண்மையான எரரில், வட்டு எங்கே இருந்தாலும் வட்டிலும் வளையத்திலும் உள்ள உருவங்கள் ஒன்றுக்கொன்று சரியான கோணத்தில் இருக்கும். யாரோ சுத்தியலால் தட்டிக் கழற்றித் திரும்பப் பொருத்தியிருந்தால் சிங்கம் ஒரு பக்கம் சாய்ந்து, வளையத்து எழுத்து வேறு பக்கம் நிற்கும். இணையும் இடத்தில் தட்டிய தழும்பும் தெரியும். நீங்கள் கழற்றிப் பார்க்க வேண்டாம். 2011 நாணயச் சட்டப்படி காசைச் சிதைப்பதும் உருக்குவதும் குற்றம்.

வியாசர்பாடி_மாணவி (திங்கள் இரவு 8.30)

சிங்கம் சாய்ந்துதான் இருக்கிறது, தழும்பும் இருக்கிறது. நன்றி அண்ணா. போனில் மாட்டும் லென்ஸ் ஒன்று வாங்கப் போகிறேன்.

கல்மண்டபம்_டீக்கடை (செவ்வாய் இரவு 9.10)

சௌகார்பேட்டையில் தெரிந்த ஆசாரியிடம் போய் மூன்றையும் எடை போட்டேன். நாலணா 2.82 கிராம். ரூபாய் 5.98. ஐந்து பைசா 1.4-க்குக் கொஞ்சம் மேலே. நாலணா காந்தத்தில் ஒட்டுகிறது, ரூபாய் ஒட்டவில்லை. நாலணாக் கோடு நகத்தில் மேடாகத்தான் தட்டுகிறது.

ஆசாரியின் லென்ஸை வைத்துப் புதிய படங்கள் எடுத்திருக்கிறேன். ரூபாயின் குழிந்த பக்கத்தைத்தான் அதிகம் எடுத்தேன், ஏனென்றால் அப்பா அதைத்தான் எல்லோருக்கும் காட்டுவார்.

டை_பட்டறை (செவ்வாய் இரவு 10.40)

மூன்று எடையுமே சரி. இரும்பு நாலணா 2.83, செம்பு நிக்கல் சின்ன ரூபாய் 6 கிராம். தவறான வட்டில் அடித்தது என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை.

ரூபாயைப் பற்றிச் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. நம் வியாபாரிகள் இதை லக்கி என்பார்கள். அடித்த காசு வெளியே விழாமல் ஒரு டையில் ஒட்டிக்கொண்டால், அடுத்த வட்டு அந்தக் காசின் மேல் அடிபடும். ஒரு பக்கம் டையால் வழக்கமான சிங்கம், மறுபக்கம் ஒட்டியிருந்த காசின் சிங்கத்தால் குழிந்து திரும்பிய சிங்கம். அப்படியென்றால் "1" என்ற எண்ணும் கதிர்களும் ஆண்டும் இருக்கிற டை அந்த வட்டைத் தொடவே இல்லை, நடுவில் ஒரு காசு மறைத்துக்கொண்டிருக்கிறது. உண்மையான சிங்க லக்கியில் ஆண்டின் சுவடு எங்கேயும் இருக்க முடியாது.

உங்கள் ஐந்தாவது படத்தில் குழிந்த சிங்கத்தின் பீடத்துக்குக் கீழே பாருங்கள். நசுங்கின "8" ஒன்று இருக்கிறது. இடது ஓரத்தில் கதிரின் நுனியும் தெரிகிறது. இன்னொரு பக்கத்துச் சிங்கத்தின் முகங்களும் தட்டையாகிவிட்டன. இரண்டு நல்ல காசுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பட்டறை வைஸிலோ ஹைட்ராலிக் பிரஸ்ஸிலோ அழுத்தினால் இப்படித்தான் வரும். இது வெளியே செய்தது.

கல்மண்டபம்_டீக்கடை (புதன் காலை 7.15)

"8" தெரிகிறது. நேற்று ராத்திரியே பார்த்துவிட்டேன், உடனே எழுத முடியவில்லை.

அந்தக் காசை வாங்கின அன்று கடையில் எல்லோருக்கும் இலவசமாக டீ கொடுத்தார் என்று அம்மா சொல்லியிருக்கிறார். அம்மாவிடம் இதைச் சொல்லப் போவதில்லை. ஆனால் எனக்கு உண்மை தெரிந்ததில் வருத்தமில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்லிக் கொடுத்தீர்கள், நன்றி அண்ணா.

காசிமேடு_கரை (புதன் காலை 9.30)

ஐந்து பைசாவைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று வந்தேன். அது தண்டவாளத்தில் வைத்தது. நானே எத்தனையோ வைத்திருக்கிறேன். ராயபுரம் ஸ்டேஷன் பக்கம் வளர்ந்த பிள்ளைகள் எல்லோருக்கும் இது தெரியும். அலுமினியம் மெத்தென்று விரியும், சக்கரம் போன திசையில் உருவம் இழுபட்டு நீளும், ஓரம் கிழியும். உங்கள் படத்தில் "5" ஒரு பக்கமாக நீண்டிருக்கிறது பாருங்கள். ஒருவேளை உங்கள் வீட்டில் யாராவது சின்ன வயதில் வைத்ததாக இருக்கும்.

மீன் ஏலத்தில் கைமாறும் காசுகளிலும் ஒரு வேடிக்கை உண்டு. உப்புத் தண்ணீரில் ஊறி ஊறி அலுமினியக் காசில் பொட்டுப் பொட்டாகக் குழி விழும், எழுத்து பாதி மறையும். அதைப் பார்த்து "எழுத்து விட்டுப்போன எரர்" என்று எடுத்து வருகிறார்கள். அரித்த இடம் சொரசொரப்பாக இருக்கும். டையில் கிரீஸ் அடைத்து எழுத்து விழாமல் போன இடம் வழவழப்பாக இருக்கும். விரலே சொல்லிவிடும்.

கல்மண்டபம்_டீக்கடை (புதன் காலை 10.05)

அண்ணா, அது நான் வைத்ததுதான். இப்போது நினைவு வருகிறது. அடி விழுந்தது. காசை மட்டும் அப்பா வைத்துக்கொண்டிருக்கிறார்.

தங்கசாலை_பழசு (புதன் மதியம் 2.30)

கடல் என்றதும் சொல்ல வேண்டும். மதராஸ் மாகாணத்துக்காக பர்மிங்ஹாமில் சோஹோ நாணயச் சாலையில் அடித்த 1808-ஆம் வருடத்து 10 காசு, 20 காசுச் செப்புகளை ஏற்றிவந்த அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்தை விட்டுத் தாண்டும் முன்பே குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. இந்த ஊர்க் கடைத்தெருவுக்கு வரவேண்டிய காசுகள் கடலடியில் கிடந்து, 1980-களில்தான் வெளியே வந்தன. அதில் ஒன்று என்னிடம் இருக்கிறது. உப்பு தின்ற இடம், அச்சு விழாத இடம் இரண்டையும் பிரித்துப் பார்க்க அதை வைத்துத்தான் நான் பழகினேன்.

சரி, நாலணாவுக்கு வருவோம். ஆண்டுக்குக் கீழே குறி இல்லை என்றீர்கள். எந்த நாணயச் சாலையில் அடித்தது என்று அந்தக் குறிதான் சொல்லும். மும்பை என்றால் வைரம், ஹைதராபாத் என்றால் நட்சத்திரம், நொய்டா என்றால் புள்ளி, கொல்கத்தா என்றால் ஒன்றும் இருக்காது. ஹைதராபாத்தின் பழைய காசுகளில் பிளந்த வைரமும், நடுவில் புள்ளி வைத்த வைரமும் வரும். வெளிநாட்டில் அடித்துவாங்கிய காசுகளையும் மறக்கக் கூடாது. 1985 ஒரு ரூபாயில் ஆண்டின் முதல் எண்ணுக்கு நேர் கீழே சின்ன வைரம் இருந்தால் அது மும்பை இல்லை, பிரிட்டனின் லான்ட்ரிசன்ட் நாணயச் சாலை. ஹெச் என்ற எழுத்து இருந்தால் பர்மிங்ஹாம். 1988 நாலணாவில் சி இருந்தால் கனடாவின் ஒட்டாவா. இவையெல்லாம் வகைகள். யாரும் தவறு செய்யவில்லை, ஆனால் வேறு வேறு கையிலிருந்து வந்தவை.

டிசைனையே திருத்தியதும் உண்டு. 1911 ரூபாயில் ஐந்தாம் ஜார்ஜ் போட்டிருக்கும் சங்கிலியில் உள்ள யானை பன்றி மாதிரி இருக்கிறது என்று மக்கள் கொதித்தார்கள். நாணயச் சாலையில் டையைத் திருத்தி, 1912 முதல் தும்பிக்கையும் காலும் தெளிவாகத் தெரியும்படி அடித்தார்கள். 1911 ரூபாய்க்குப் பன்றி ரூபாய் என்று இன்றும் பெயர். அந்த வருடத்து வெண்கலக் காலணாவிலும் அதே யானைதான். ரூபாயைத் தேடுகிறவர்கள் காலணாவை விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு. 1943-இலிருந்து வந்த ஓட்டைக் காலணாவையும் அப்படித்தான். கிரீடம் தட்டையாக ஒன்று, உயர்ந்து ஒன்று என்று அதில் தேட எவ்வளவோ இருக்கிறது. சின்னக் காசில்தான் டை அதிகம் உழைக்கிறது. வகையும் அங்கேதான் மலிகிறது.

எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளித்தான் பழைய நாணயச் சாலைக் கட்டடம். 1869-இல் மூடிவிட்டார்கள், பிறகு அரசு அச்சகம் வந்தது. இன்றும் பஸ்ஸில் "மின்ட்" என்று கேட்டுத்தான் டிக்கெட் வாங்குகிறோம்.

ஆண்டு இரட்டை விஷயத்தில் நான் இன்னும் டபுள் டை பக்கம்தான். புதிய படத்தில் 4-இன் மூலை பிளந்த மாதிரி இருக்கிறது.

பெரம்பூர்_லென்ஸ் (வியாழன் இரவு 11.20)

நான்கு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். இன்று என் நாலணா டப்பாவைக் கொட்டி 1994-ஐ மட்டும் பிரித்தேன். இருபத்திரண்டு இருந்தன. குறி இல்லாதவை ஒன்பது. அந்த ஒன்பதில் ஒன்றில் காண்டாமிருகத்தின் பின்னங்காலிலிருந்து அதே கோடு!

கல்மண்டபம் நண்பரின் படத்தையும் என் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்திருக்கிறேன். கோடு தொடங்கும் இடம், முதலில் லேசாக வலப்பக்கம் வளைந்து பிறகு நேராகப் போவது, நடுவில் ஒரு சின்ன முடிச்சு, மூன்றும் ஒன்றாக இருக்கின்றன. ஆனால் என்னுடையதில் கோடு பாதி வழியில் நின்றுவிடுகிறது. அவருடையதில் விளிம்பு வரை போகிறது.

என்னுடையதில் ஆண்டு சுத்தமாக இருக்கிறது. இரட்டையே இல்லை.

டை_பட்டறை (வெள்ளி காலை 6.30)

தூங்கி எழுந்ததும் இதைப் பார்த்தேன். என்ன ஒரு கண்டுபிடிப்பு!

விரிசல் என்பது ஒரு டையின் கைரேகை மாதிரி. இரண்டு டைகளில் ஒரே வளைவோடு, ஒரே முடிச்சோடு விரிசல் விழாது. ஆகவே இரண்டு காசும் ஒரே டை. விரிசல் வளருமே தவிர சுருங்காது. ஆகவே பெரம்பூர்க் காசு முன்னால் அடித்தது, கல்மண்டபக் காசு பின்னால் அடித்தது. டபுள் டை பிறவிக் குறை. முன்னால் அடித்த காசில் இல்லாத பிறவிக் குறை பின்னால் எப்படி வரும்?

செம்பு நிக்கலைவிட இந்த இரும்பு முரட்டுத்தனமானது. நல்ல அழுத்தம் கொடுத்தால்தான் உருவம் ஏறும். அதனால் டையும் சீக்கிரம் களைத்து விரியும். நாலணாக் குவியலில் இப்படிக் கோடுகள் நிறையக் கிடைப்பதற்கு அதுதான் காரணம்.

தங்கசாலை_பழசு (வெள்ளி காலை 11.00)

பெரம்பூர் தம்பி, இருபத்திரண்டையும் கொட்டிப் பார்த்ததற்கே உங்களுக்கு ஒரு கும்பிடு. இரண்டு காசிலும் குறி இல்லை என்பதால் ஒரு காசில் மட்டும் கிரீஸ் அடைத்து நட்சத்திரம் மறைந்திருக்குமோ என்ற என் உள்மனச் சந்தேகமும் தீர்ந்தது. கொல்கத்தாதான்.

பிறவிக் குறை என்ற என் பேச்சைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஆனால் மெஷின் டபுளிங் என்று இன்னும் முடிவு கட்ட முடியாது. டை தேய்ந்து தேய்ந்து கடைசிக் காலத்தில் எழுத்தின் ஓரங்கள் டையிலேயே கரைந்து அகலும். அப்போதும் காசில் நிழல் மாதிரி இரட்டை தெரியும். உங்கள் நியாயப்படியே பார்த்தால், கல்மண்டபக் காசு பின்னால் அடித்தது. ஏன் அது தேய்மான இரட்டையாக இருக்கக் கூடாது?

டை_பட்டறை (வெள்ளி இரவு 9.45)

நல்ல கேள்வி ஐயா, பகல் முழுக்க இதையே யோசித்தேன். தேய்மானம் என்றால் காசில் உருவம் இல்லாத வெற்றுப் பரப்பில் ஆரஞ்சுத் தோல் மாதிரிச் சொரசொரப்பும், விளிம்பை நோக்கி ஓடும் ரேகைகளும் இருக்க வேண்டும். படத்தில் "94"-ஐச் சுற்றி வழவழப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் படத்தை வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன்.

உறுதியாக முடிக்க ஒரே வழிதான். தேய்மானமும் விரிசல் மாதிரியே, வந்தால் போகாது. இதே டையில், இன்னும் பின்னால் அடித்த மூன்றாவது காசு வேண்டும். அதில் விரிசல் இன்னும் முற்றியிருந்து, இரட்டையும் இருந்தால் தங்கசாலை ஐயா சொல்வது சரி. இரட்டை இல்லாவிட்டால், கல்மண்டபக் காசு அடிபட்ட அந்த ஒரு கணத்தில் மட்டும் டை ஆடியிருக்கிறது. யாரிடமாவது நாலணா இருந்தால் 1994, குறி இல்லாதது, பின்னங்கால், பாருங்கள்.

காசிமேடு_கரை (சனி காலை 10.20)

அம்மாவின் சுருக்குப் பையில் முப்பத்தொன்று. 1994 நான்கு, நான்கிலும் வைரம். பிரயோஜனமில்லை. பக்கத்து வீடுகளில் கேட்கிறேன்.

பெரம்பூர்_லென்ஸ் (சனி இரவு 10.00)

மூர் மார்க்கெட்டில் நாலணாவை எடைக்கு வாங்கி வந்தேன். ஒன்றரை கிலோ. 1994 குறி இல்லாதவை அறுபத்தேழு. இரண்டில் வேறு விரிசல்கள், ஒன்றில் சிங்கம் முப்பது டிகிரி திரும்பியிருக்கிறது. ஆனால் நம் டை இல்லை.

வியாசர்பாடி_மாணவி (ஞாயிறு மாலை 6.45)

எங்கள் பாட்டி மூலக்கடை பக்கம் இட்லி விற்றவர். 2011 ஜூனோடு நாலணா செல்லாது என்றபோது மாற்றாமல் விட்ட டப்பா ஒன்று பரணில் இருந்தது. நேற்றிலிருந்து பார்க்கிறேன், புதிய லென்ஸில் பார்த்துப் பார்த்துக் கண் வலிக்கிறது.

1994. ஆண்டுக்குக் கீழே ஒன்றும் இல்லை. கோடு பின்னங்காலில் தொடங்குகிறது, வலப்பக்கம் வளைகிறது, முடிச்சு இருக்கிறது. விளிம்பு வரை போகிறது, அதோடு நிற்கவில்லை. காலின் மறுபக்கமும் நீண்டு வயிற்றுக்குக் கீழே போகிறது. விளிம்பைத் தொடும் இடத்தில் ஒரு துண்டு கொஞ்சம் உப்பியிருக்கிறது.

ஆண்டு ஒற்றையாகத்தான் தெரிகிறது. ஆறு படம் போட்டிருக்கிறேன், விளக்கைச் சாய்த்து வைத்து எடுத்தது. சரியாகப் பார்த்தேனா?

டை_பட்டறை (ஞாயிறு மாலை 7.10)

சரியாகப் பார்த்தாய்ம்மா. மிகச் சரியாக. அந்த உப்பின துண்டு, டையின் ஓரம் பெயர்ந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அடையாளம். இன்னும் கொஞ்சம் அடித்திருந்தால் அந்த இடம் கழன்று விழுந்து, காசில் உருவமே இல்லாத மொத்தையாக வந்திருக்கும். அந்தக் காசை நீ கண்டுபிடித்தால் எனக்கு முதலில் சொல்.

தங்கசாலை_பழசு (ஞாயிறு மாலை 7.40)

ஆறு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆண்டு ஒற்றைதான். கல்மண்டபக் காசு மெஷின் டபுளிங். நான் சொன்ன இரண்டும் தவறு, பட்டறைத் தம்பி முதலிலேயே பட்ட சந்தேகம் சரி.

மெஷின் டபுளிங்குக்குச் சந்தையில் விலை கிடையாது தம்பி, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் ஒரே டையின் மூன்று பருவங்களை மூன்று வீட்டுக் காசிலிருந்து வரிசைப்படுத்தியதை நான் இதுவரை கண்ணால் பார்த்ததில்லை.

கல்மண்டபம்_டீக்கடை (ஞாயிறு இரவு 9.50)

இன்று அம்மாவிடம் மூன்று படங்களையும் காட்டினேன். கோட்டைத் தானாகவே கண்டுபிடித்துவிட்டார், கண்ணாடிகூடப் போடவில்லை. "உங்கப்பா இதை வெளிச்சத்துல சாய்ச்சு சாய்ச்சுப் பார்ப்பார்" என்றார்.

பெரம்பூர் நண்பரும் மாணவித் தங்கையும் சம்மதித்தால், வரும் ஞாயிறு காலை மின்ட் பஸ் நிலையத்தில் சந்திக்கலாம். தங்கசாலை ஐயாவுக்கும் பக்கம். மூன்று காசையும் வரிசையாக வைத்து ஒரே படம் எடுக்க வேண்டும். பாட்டிலில் மீதி நூற்று முப்பத்தேழையும் கொண்டு வருகிறேன். ஒரு எட்டணாவின் ஓரத்தில் பிறை மாதிரி கடித்திருக்கிறது. எதிர்ப் பக்க விளிம்பைப் பார்த்தேன், மங்கலாகத்தான் இருக்கிறது.